அக்கா கேட்ட சிரிப்பு வேஷம்

எங்கள் தீவுகளில் ரயில் கிடையாது, டிராமும் கிடையாது. இருந்தும் நான் டிராம் கண்டக்டராக நடித்தேன். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஒரு சங்கத்துக் கட்டடத்தின் மேடையில், அட்டையை மடித்துத் தைத்த தொப்பியோடு, தோளில் பையோடு. எனக்கு அந்த வேஷம் கிடைத்ததற்கு ஒரே காரணம், அங்கே இருந்தவர்களில் டிராமைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

பார்த்தது கொல்கத்தாவில். மஞ்சள்காமாலையோடு ஒரு டிராம் டிப்போவின் மதில் ஓரத்தில் கொஞ்ச நாள் கிடந்தேன். காலையில் முதல் வண்டி கிளம்பும்போது தரை அதிரும், நானும் எழுந்துவிடுவேன். அதற்கு முன்னால் சென்னையில் ஹோட்டல் பாத்திரம், திருப்பூரில் துணி மூட்டை, கொச்சியில் படகுக்குப் பெயின்ட். பிறந்தது கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், லயத்தில். சிலோன் மலைத் தோட்டங்களிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கியிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை, நானே போகவில்லை. பால் வெட்டும் வேலையும் பிடிக்கவில்லை. கப்பல் ஏறினேன். பிறகு இறங்கினேன், மறுபடி ஏறினேன். இப்போது பாம்பூஃப்ளாட்டில் ஒரு அறை, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. கல்யாணம், காதுகுத்து, பூஜை, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் மைக் செட் கட்டுவேன்.

நாடகத்துக்கும் மைக் கட்டத்தான் போனேன். நடத்தியவர் ஒரு வங்காளிப் பெண். மாயாபந்தர் பக்கத்தில் பிறந்து, மெயின்லேண்டில் நாடகம் படித்துவிட்டு, இங்கே பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவோம். செக் நாட்டுக்காரர் ஒருவர் எழுதிய காமெடி அது என்றார். எழுதியவர் இப்போதும் உயிரோடு இருக்கிறாராம். இங்கிலீஷில் வந்ததை மிஸ் எங்கள் தீவு ஹிந்திக்கு மாற்றியிருந்தார். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் சந்தையில் பேசுகிற அதே ஹிந்தி.

கதை ஒரு பழைய கட்டடத்தில் நடக்கிறது. அதில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தனி ஆட்கள். என் கண்டக்டர் ரிட்டயர் ஆன பிறகும் பழக்கம் போகாமல் மாடிப்படியில் நின்று, ஏறுகிறவர்களிடமும் இறங்குகிறவர்களிடமும் டிக்கெட் கேட்பான். இன்னொருவர் தினமும் ரயில் விசாரணைக்குப் போன் போட்டு, தான் போகவே போகாத ஊருக்கு வண்டி நேரம் கேட்பார். அந்தக் குரலைக் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வேஷத்தில் ஒரு மலையாளி, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கெல்லாம் சேட்டா. மூன்றாவது ஒரு அம்மாள். தினமும் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். மீட்டர் பார்க்க வந்தவன், தபால்காரன், வீடு மாறி வந்தவன், கதவைத் தட்டியவன் யாராக இருந்தாலும் பிடித்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாள். போட்டுவிட்டு, புருஷனைத் திட்டுகிற மாதிரித் திட்டுவாள். உண்மையில் அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் இருந்தானா என்பதை நாடகம் கடைசி வரைக்கும் சொல்லாது.

முடிவில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. யாரும் திருந்துவதில்லை. அவரவர் கிறுக்கோடு அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள், காலையில் மறுபடி திறக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அந்த நாடகம் பிடித்தது. நான் ஒற்றை ஆள். ஏன் கட்டவில்லை, எப்போது கட்டுவாய், வயதானால் யார் பார்ப்பார்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை என்று நினைக்கிறார்கள். பதில் இருக்கிறது, அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு தட்டு அம்மாளாக நடிக்க இருந்தவர் ஒரு அரசு ஊழியரின் மனைவி. கணவருக்கு மாற்றல் வந்தது, போய்விட்டார். அப்போதுதான் அக்கா வந்தாள்.

அக்காவும் கட்சால்காரி, எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி. சுனாமி அலையில் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். நான் அப்போது திருப்பூரில் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் பாம்பூஃப்ளாட் வந்து, போர்ட் பிளேரில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமைக்கிறாள். தினமும் நாங்கள் ஒரே ஃபெர்ரியில் சாத்தம் படகுத்துறைக்குப் போய், ஒரே ஃபெர்ரியில் திரும்புவோம். வேலை முடிந்து எனக்காகக் காத்திருக்கும்போது ஒத்திகை நடக்கும் அறையில் வந்து உட்காருவாள். ஒருநாள் மிஸ் எதிரில் போய் நின்றாள்.

"மிஸ், அந்த வேஷம் காலியாத்தானே இருக்கு? எனக்குக் குடுங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். அக்காவின் கதை அவருக்கும் தெரியும். "தீதி, இது காமெடி," என்றார். தீதி என்றால் அவர்கள் பாஷையில் அக்கா.

"அதனாலதான் கேக்கறேன். அழுகிற வேஷம்னா வேண்டாம்."

அன்று ஃபெர்ரியில் நான் கேட்டேன், எதற்கு அக்கா உனக்கு இந்த வேலை என்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"தம்பி, நான் வந்தாப் பேச்சு நின்னு போவுது, பாத்திருக்கியா? கேன்டீன்ல எல்லாம் சிரிச்சுப் பேசிட்டு இருப்பாங்க. நான் குழம்பு வாளியத் தூக்கிட்டு வந்தா மூஞ்சிய இறக்கிக்குவாங்க. கல்யாண வீட்டுல பாட்டக் கம்மி பண்ணுவாங்க. என் எதுக்க ஒருத்தன் சிரிச்சு இருபது வருஷமாச்சு. செத்தது அவங்கடா. நான் சாவல."

அவள் சொன்னது எனக்குத் தெரிந்ததுதான். அவள் வீட்டுக்குப் போகும்போது நானே பாட்டு முணுமுணுப்பதை நிறுத்தியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் அவளுக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். வசனத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவாள். மிஸ் பொறுமையானவர் இல்லை. "தீதி, ரேஷன் கடையில பேர் சொல்ற மாதிரி சொல்றீங்க," என்பார். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டாள். மறுபடி சொல்லுவாள், அதே மாதிரி.

ஒத்திகை போதாது என்று ஃபெர்ரியில் பழகினோம். ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு நான் கதவைத் தட்டுகிற மாதிரித் தட்டி டிக்கெட் கேட்பேன். அவள், "டிக்கெட்டா? முதல்ல கையக் கழுவிட்டு வந்து உக்காரு. இந்த நேரத்துக்கு வீட்டுக்கு வர்ற ஆளுக்கு டிக்கெட் ஒரு கேடு" என்று ஆரம்பிப்பாள். எங்களைத் தெரியாத ஒரு தெலுங்குக்காரர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும்போது என் தோளில் கைவைத்து ஹிந்தியில் சொன்னார்: "தம்பி, பதில் சொல்லாதே. வீட்டுக்குப் போ, போட்டதைச் சாப்பிடு. எனக்கும் வீட்டில் இப்படித்தான்." சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வசனம் நன்றாக வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சிரித்தவர்கள் எல்லோரும் அவளைத் தெரியாதவர்கள். தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னதும் என் காதில் விழுந்தது. நாடகம் பார்க்க வரப்போகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் தெரிந்தவர்கள். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

மேடை அந்தச் சங்கத்துடையது. அதன் செயலாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கான்ட்ராக்ட் எடுத்துப் பெரிய ஆளானவர். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவர். சுனாமி நினைவு நாளில் கடலோரம் கூடும்போது மாலைகளை அவர்தான் ஏற்பாடு செய்வார். ஒத்திகை பார்க்க வந்தவர் பாதியில் கையை உயர்த்தினார்.

"ஏம்மா டைரக்டர், ஊரே சிரிக்கிற வேஷத்த இந்தம்மாவுக்குக் குடுத்திருக்கீங்களே. நல்லாவா இருக்கு?"

மிஸ்ஸுக்குத் தமிழ் அரைகுறை. அவர் பதில் தேடுவதற்குள் அக்கா, "ஊரு சிரிக்கணும்னுதாங்க நடிக்கிறேன்," என்றாள்.

"உங்க துக்கத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா."

"இருக்குதுங்க. இருபது வருஷமா அதத்தான் எல்லாரும் எனக்குப் போடுறாங்க. வயிறு நெறையலிங்க."

சேட்டா சிரிப்பை அடக்க முடியாமல் கையிலிருந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு ரயில் விசாரணையிடம் பேசுகிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

செயலாளர் விடவில்லை. "சரி, கடைசியிலயாவது ஒரு கருத்து வைங்க. இந்தம்மாவும் கண்டக்டரும் சேர்ந்துடற மாதிரி. தனியா இருக்கிறவங்களுக்கு ஒரு வழி காட்டுன மாதிரி இருக்கும்."

"நாங்க வழி கேக்கலிங்களே ஐயா," என்றேன். மிஸ் ஹிந்தியில் தெளிவாகச் சொன்னார்: எழுதியதில் ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டேன், மேடை இல்லையென்றால் கப்பல் ஜெட்டியில் போடுவேன்.

செயலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். "மேடை குடுக்கறேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நான் ரெண்டு வார்த்தை பேசிடறேன், இந்தம்மா யாருன்னு. அப்பத்தான் ஜனங்க தப்பா நினைக்க மாட்டாங்க."

"அது மட்டும் வேண்டாங்க," என்றாள் அக்கா. "என் கதை எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு ஒருநாள் மறந்துட்டு உக்காரட்டும்."

செயலாளர் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, பார்க்கலாம் என்று ஆட்டினாரா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நாடகத்தன்று கூட்டம் நிறையத்தான் வந்தது. ஜங்லிகாட் கடைக்காரர்கள், மீன் மார்க்கெட் பெண்கள், அக்காவின் கேன்டீனில் சாப்பிடுகிற ஆபீசர்கள் குடும்பத்தோடு. நான் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கட்டி, சத்தம் பார்த்துவிட்டு, தொப்பி மாட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். ஆம்ப்ளிஃபயர் மேடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. செயலாளர் வரவேற்புரைக்கு மைக்கைப் பிடித்தார். சங்கத்தைப் பற்றிச் சொன்னார், வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"இன்னைக்கு நடிக்கப்போற நம்ம சகோதரி, ஆழிப்பேரலையில தன் கணவரையும் ரெண்டு பிஞ்சுக் குழந்தைகளையும் பறிகொடுத்தவங்க..."

நான் அந்தப் பக்கம் போய் ஒயரைப் பிடுங்குவதற்குள் அவர் ஹிந்தியிலும் அதையே சொல்லி முடித்துவிட்டார். மிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்போது மூலையில் நின்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

திரை விலகியது. சேட்டா போன் பேசுகிற முதல் காட்சிக்கு நன்றாகவே சிரித்தார்கள். அடுத்தது அக்கா. சாப்பாட்டு மேஜை. அவள் வந்து ஒரு தட்டை வைத்தாள், துடைத்தாள். இரண்டாவது தட்டை எடுத்து எதிரில் வைத்தாள்.

முன்வரிசையில் செயலாளர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அதற்குப் பின்வரிசை, அதற்கும் பின்வரிசை. ஒருவர்கூடப் பேசவில்லை. தொப்பி வைத்திருந்தவர்கள் கழற்றினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். நினைவு நாள் காலையில் கடலைப் பார்த்து நிற்போமே, அதே நிற்பு. எங்கள் தீவுக்காரர்களின் உடம்புக்கு அது பழகிவிட்டது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் எழுந்தால் போதும். செத்தவனுக்கு வைத்த தட்டு என்று நினைத்துவிட்டார்கள். தப்பு சொல்ல முடியாது. அத்தனை பேருக்கும் அந்த அலையில் யாரோ ஒருவர் போயிருந்தார்கள்.

நான் கதவைத் தட்ட வேண்டிய இடம் அது. தட்டினேன், உள்ளே போனேன், கூட்டம் முழுக்க நிற்பதைப் பார்த்ததும் வசனம் மறந்துவிட்டது. டிக்கெட் என்ற வார்த்தைகூட வாயில் வரவில்லை. எனக்கும் தொப்பியைக் கழற்றிவிடலாம் போல இருந்தது. அப்படியே திரையை மூடியிருந்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், நல்ல நிகழ்ச்சி என்று சொல்லியிருப்பார்கள். அக்கா திரும்ப கேன்டீனுக்குக் குழம்பு வாளியோடு போயிருப்பாள்.

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். ஃபெர்ரியில் என்னைத் திட்டுகிற அதே குரலில், ஹிந்தியில் கேட்டாள்:

"எல்லாரும் எதுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க? கேட் இன்னும் திறக்கல. கப்பல் நாளைக்குத்தான்."

எங்கள் ஊர்க் கப்பல் ஜெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மெயின்லேண்டுக்குப் போகிற டிக்கெட்டில் பங்க் நம்பர், அதாவது படுக்கை நம்பர் போட்டிருக்கும், ஒருத்தர் படுக்கையை இன்னொருத்தர் எடுக்க முடியாது. ஆனாலும் கேட் திறக்கிறதற்கு முன்னாலேயே மொத்தக் கூட்டமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடும். போலீஸ்காரர் உட்காரச் சொல்லிக் கத்துவார். ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

பின்னால் எங்கேயோ ஒரு ஆள் மூக்கால் சிரித்தான். சிரித்ததும் பயந்து அடக்கினான். அக்கா விடவில்லை. அவன் பக்கம் கையை நீட்டி, "நீ ஏன் அடக்குற? பங்க் கெடைக்கலயா?" என்றாள். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் மேடையின் விளிம்புக்கு வந்து செயலாளரைப் பார்த்தாள்.

"ஐயா, உங்க டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. கீழ்ப் பங்க். உக்காருங்க."

மீன் மார்க்கெட் பெண்கள் வரிசையிலிருந்து சிரிப்பு வெடித்தது. அதற்கு மேல் யாராலும் பிடிக்க முடியவில்லை. செயலாளர் ஒரு நிமிஷம் நின்றார். சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, என்ன செய்வது என்று தெரியாத முகம். பிறகு உட்கார்ந்தார். வரிசை வரிசையாக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். துடைத்துக்கொள்ளட்டும். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா? டிக்கெட் கேக்க வந்தவன்தானே. கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

எனக்கு வசனம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நாடகம் ஓடியது ஓட்டம். எழுதியவர் சிரிப்பு வரும் என்று நினைத்த இடத்திலும் சிரித்தார்கள், நினைக்காத இடத்திலும் சிரித்தார்கள். என் வாயில் சோறு இருக்கும்போதே அவள் என்னை வசைபாடியபோது ஒரு ஆபீசர் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். தினமும் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத் தலைகுனிந்து போகிறவர். முடிவில் நாங்கள் அவரவர் கதவைச் சாத்தினோம். சேர்ந்துவிடவில்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை.

திரைக்குப் பின்னால் மிஸ் கோபமாக வந்தார். "தீதி, கேட், கப்பல், பங்க், இதெல்லாம் டெக்ஸ்டில் இல்லை. ஒரு வார்த்தை மாற்றமாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்."

"மாத்தலியே மிஸ். அவரு எழுதாம விட்டுட்டாரு, நான் சொன்னேன்," என்றாள் அக்கா. மிஸ் அவளைக் கட்டிக்கொண்டார்.

செயலாளர் அங்கே வரவில்லை. ஒரு வாரம் கழித்து பாம்பூஃப்ளாட்டில் இரண்டாவது முறை போட்டோம். அதற்கு வந்தார். வந்தவர் நேராக மைக் பக்கம் நடந்தார், சட்டைப்பையில் காகிதம் தெரிந்தது. நான் போய்க் குறுக்கே நின்றேன்.

"இன்னைக்கு வரவேற்புரை கிடையாதுங்க ஐயா."

"யாரு சொன்னா?"

"மைக் செட் என்னோடதுங்க."

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போகிற ஆள் இல்லை. நானும் நகர்கிறதாக இல்லை. அப்படியே இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அதற்குள் அக்கா, முந்தானையை இடுப்பில் செருகியபடியே வந்து, எனக்குப் பின்னாலிருந்து மைக்கை எடுத்தாள். அதை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது சிரிப்பு நாடகம். எந்திரிச்சு நிக்கிறதா இருந்தா வெளில போய் நில்லுங்க, பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்கும்."

செயலாளருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார். நான் விளக்கை அணைத்தேன்.